இடக்கை அரம்

விழுப்புரம் ஸ்டேஷனுக்கு எதிரே குதிரை வண்டிகள் நிற்கிற இடத்தைத் தாண்டியதும் தாண்டவராயனின் பழைய இரும்புக் கடை. பெயர்ப் பலகை கிடையாது. பாதி ரோடு வரைக்கும் பரந்து கிடந்த சங்கிலியும் பல்சக்கரமும் உடைந்த தராசுத் தட்டும்தான் பலகை. இரும்பு வாங்க வருகிறவர்களைவிட இரும்பைக் காட்டிக் கேட்க வருகிறவர்கள் அங்கே அதிகம். ஏலத்தில் மூட்டையோடு எடுத்த சாமானில் விநோதமாக ஒன்று கிடைக்கும். ஒரு முனையில் சுத்தி, மறுமுனையில் கொக்கி, நடுவில் ஒரு வாய், வாலில் ஒரு அலகு. அது எந்தத் தொழிலுக்கு ஆனது என்று தெரிந்தால்தானே யாரிடம் விற்பது என்று தெரியும்? "தாண்டவராயங்கிட்ட காட்டு, சொல்லிடுவான்" என்பார்கள்.

அவனும் சொல்வான். ஆனால் சட்டென்று சொல்லிவிட மாட்டான். சாமானை வாங்கி, வெயிலில் பிடித்து, ஊதி, துண்டால் துடைத்து, வந்தவன் பொறுமை இழக்கிற நேரம் பார்த்து, "இதுவா?" என்பான். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவன் கடை வைத்திருக்கிறான் என்று ராயப்பன் கேலி செய்வான். ராயப்பன் திண்டிவனத்தில் பழைய சாமான் வியாபாரி. தாண்டவராயனுக்கு நெருங்கிய கூட்டாளி. வாயில் எதுவும் தங்காது.

வெள்ளைக்காரன் போன கையோடு இந்தப் பக்கம் ஏலத்துக்குப் பஞ்சமில்லை. பட்டாளத்தில் மிஞ்சியது, ரயிலில் கேட்பாரற்றுக் கிடந்தது, பங்களாவைக் காலி செய்துவிட்டுப் போன துரைமார் விட்டுச் சென்றது என்று வாரத்துக்கு வாரம் எங்கேயாவது தமுக்கு அடிப்பார்கள். துரைமாருக்கு ஒரே இரும்பில் நாலு வேலை முடிய வேண்டும் போலிருக்கிறது. அப்படிப்பட்ட சாமான்கள் பெட்டி பெட்டியாக வந்தன. நம் ஊர்க் கொல்லனோ தச்சனோ கண்ணால் கண்டிராத சாமான்கள்.

இரும்பு ஏலத்துக்கு அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஏலம் கூவுகிறவருக்கு இரும்பைப் பற்றி ஒரு எழவும் தெரியாது. நேற்று தேக்கு மரத்தைக் கூவியவர், நாளைக்குப் புளியந்தோப்பைக் கூவப் போகிறவர். அதனால் அவர் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு, தொழில் தெரிந்த ஒருவரை உட்கார வைப்பார்கள். சாமானைத் தூக்கிக் காட்டியதும் அது இன்ன வேலைக்கு ஆனது என்று அவர் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் 'ஒரு தரம்' தொடங்கும். நாற்காலிக்காரர் அன்றைக்கு ஏலம் கேட்கக் கூடாது. ஆகவே லாபம் என்று ஒன்றும் இல்லை. ஆனால் வெற்றிலைத் தட்டு முதலில் அவரிடம் போகும். அவர் சொன்னதற்கு மறுசொல் கிடையாது.

அந்த நாற்காலி வெகு காலமாகத் திண்டிவனம் சுப்பராயலுவிடம் இருந்தது. தாண்டவராயன் கூட்டத்தில் நின்றுகொண்டு, சுப்பராயலு வாய் திறக்குமுன் தானே முணுமுணுத்துக்கொள்வான். சரியாக இருந்தால், 'எனக்கும்தான் தெரியும்' என்று வயிறு எரியும். சுப்பராயலு தடுமாறினால், 'இந்தக் கிழத்துக்கு எதற்கு நாற்காலி' என்று இன்னும் கொஞ்சம் எரியும். இரண்டு பக்கமும் எரிகிற வயிறு அது. தம்பிக்கு வாய்த்த மீசையைப் பார்த்துப் பொறாமைப்பட்டு ஒரு தீபாவளிக்குப் பேசாமல் இருந்தவன் அவன். நாற்காலி விஷயத்தில் கேட்கவே வேண்டாம்.

அவனுக்கு வாய்த்தவள் தையல்நாயகி. ஒலக்கூருக்கு மேற்கே மானாவாரி நிலத்தில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, போட்டுப் பிழைத்த குடும்பம். அக்கா தங்கைகள் நிறைய. கல்யாணமாகி வந்த புதிதில், கடைக்குச் சோறு கொண்டுவந்தவள் அவன் அரம் போடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தாண்டவராயனுக்கு இடதுகைப் பழக்கம். கொடுக்கல் வாங்கலுக்கு மட்டும் வலது கை; அரம், சுத்தி, ரம்பம் எல்லாம் பீச்சாங்கையில்தான் ஓடும். "நீங்க ராவின சாமான ஆயிரத்துல போட்டாலும் எடுத்துடுவேங்க" என்றாள் அவள், சிரித்துக்கொண்டே. "மத்தவங்க அரம் போட்டா கோடு இப்படிச் சாயுது. உங்க கோடு அந்தாண்ட சாயுது." புதுப் பெண்டாட்டி தன் கையைப் பார்த்திருக்கிறாள் என்று அவனுக்கு அன்றைக்கு உச்சி குளிர்ந்தது. பிறகு அதை மறந்துவிட்டான்.

ஐம்பத்து நாலோ ஐந்தோ இருக்கும். ரயில்வே ஏலத்தில் எடுத்த பெட்டி ஒன்றோடு ராயப்பன் வந்திருந்தான். பெட்டிக்குள் கைக்கோடாலி மாதிரி ஒரு சாமான். கோடாலிக்கு முதுகில் சுத்தி, பிடியின் நுனியில் பிளந்த நாக்கு. தாண்டவராயன் ஊதினான், துடைத்தான், வெயிலில் பிடித்தான். "இதுவா? கூடாரம் அடிக்கிறது. பட்டாளத்துச் சாமான். முளைய சீவறதுக்குக் கோடாலி, அடிக்கிறதுக்குச் சுத்தி, புடுங்கறதுக்கு நாக்கு" என்றான். ராயப்பனுக்குத் திருப்தி. அந்த நேரம் பார்த்துத் தூக்குச்சட்டியை இறக்கி வைத்த தையல்நாயகி, அந்த இரும்பை எடுத்துக் கட்டைவிரலால் தடவினாள்.

"கோடாலி வாய் தீட்டவே இல்லியே" என்றாள், தனக்குத்தானே பேசிக்கொள்கிற மாதிரி. "சுத்தி மொகமும் புதுசா கீது. நாக்கு மட்டும் வழுவழுன்னு தேஞ்சிருக்குது. ஆணி புடுங்கியே காலம் தள்ளியிருக்குது, பாவம். மரப்பெட்டி ஒடைக்கிறவங்க கையில இருந்திருக்கும்."

ராயப்பன் அவளைப் பார்த்தான், இரும்பைப் பார்த்தான், பிறகு பெட்டியைப் பார்த்தான். பெட்டியின் அடியில் வளைந்த ஆணிகள் ஒரு பிடி கிடந்தன. தேயிலைப் பெட்டியில் வருகிற சின்ன ஆணிகள். "அண்ணி!" என்று தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான் ராயப்பன். "அண்ணே, உன் கடைக்கு அண்ணிய வெச்சிட்டு நீ சோறு தூக்கிக்கினு வா."

தாண்டவராயனும் சிரித்தான். சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், "நீ எப்படிக் கண்டுபுடிச்ச?" என்று கேட்டான். கேட்கிற விதத்தில் கேட்டிருந்தால் அது பாராட்டு. அவன் கேட்டது வேறு விதம்.

அவளுக்கு அது புரியவில்லை. சந்தோஷமாகவே சொன்னாள்: "எங்க ஊட்ல அத்தன பேருக்கும் களக்கொத்து ஒரே கொல்லன் அடிச்சதுங்க. எல்லாம் ஒரே அச்சு. ஆனா எந்தக் கொத்து யாருதுன்னு கண்ண மூடிக்கினு சொல்லுவோம். பெரியக்கா அழுத்திக் கொத்துவா, முன்வாய் மழுங்கிடும். சின்னவ சோம்பேறி, பிடிதான் தேயும். சாமான் நாலு வேலைக்கு இருக்கலாம். வெச்சிருந்தவன் எத செஞ்சான்னு அதுலயே எழுதியிருக்குமே."

இத்தனை வருஷமாகத் தாண்டவராயன் சாமானின் உருவத்தைப் பார்த்தான். எது பெரிதாக இருக்கிறதோ அதுதான் வேலை என்பது அவன் கணக்கு. முக்கால்வாசி நேரம் அது சரியாகவும் வந்தது. மிச்சம் கால்வாசி இவளிடம் இருக்கிறது என்று இப்போது தெரிந்தது. தன் வீட்டு அடுப்படியில், தான் தாலி கட்டியவளிடம் இருக்கிறது! சுப்பராயலு மேல் உள்ள எரிச்சலையாவது ஊர் திரும்பினால் மறந்து தொலைக்கலாம். இவளோ பக்கத்திலேயே படுத்துத் தூங்குகிறாள்.

செய்தியைப் பரப்ப ராயப்பன் ஒருவன் போதாதா? ஒரு போகம் விளைந்து அறுப்பதற்குள், கடைக்கு வருகிறவர்கள் சாமானைத் துண்டில் மூடிக்கொண்டு, "அண்ணி சோறு எடுத்துக்கினு எப்ப வருவாங்க?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். தாண்டவராயன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். "ஏன், என்னாண்ட காட்டக் கூடாதா?" என்பான். "காட்டலாம் காட்டலாம், நீ சொல்லு. அவங்களும் ஒரு பார்வ பாத்துட்டா தேவல" என்பார்கள். அந்த 'தேவல'தான் அவனைத் தின்றது.

அவளைக் கடைக்கு வர வேண்டாம் என்றான். "வெயில்ல எதுக்கு நடக்கற, நானே வந்து துன்னுட்டுப் போறேன்." அவளும் அக்கறை என்று நினைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஆட்கள் வீட்டு வாசலுக்கே வந்தார்கள். ஒருமுறை அவன் சாப்பிட உட்கார்ந்திருக்க, வாசலில் நின்ற வண்டிக்காரர் ஒருவரிடமிருந்து குறடு மாதிரி ஒன்றை வாங்கி அவள் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கொறடு வாய்க்குள்ள பாருங்க, வரிசையா பல்லு பட்ட மாதிரி தழும்பு. இது கம்பி கடிச்ச தழும்பு. முள்கம்பி வேலி கட்டறவன்து" என்று அவள் சொல்ல, வண்டிக்காரர் கும்பிடாத குறையாகப் போனார். தாண்டவராயன் கேப்பைக் களியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். குழம்பில் உப்பு அதிகம் என்று சண்டை. குழம்பில் உப்பு சரியாகத்தான் இருந்தது.

இப்படியே இரண்டு மூன்று வருஷம் ஓடியது. அவன் பொறாமை தணியவில்லை. தணிய அவள் விடவும் இல்லை என்றுதான் அவன் நினைத்தான். அவள் செய்தது இவ்வளவுதான்: கேட்டவர்களுக்குப் பார்த்துச் சொன்னாள். ஒரு தடவைகூட, 'நீங்க சொன்னது தப்பு' என்று அவனிடம் சொன்னதில்லை. அதுவும் அவனுக்குப் பொறுக்கவில்லை. சொன்னால் சண்டை போடலாம்.

அந்தச் சமயத்தில் சுப்பராயலுவுக்குக் கண்ணில் பூ விழுந்தது. நாற்காலி காலியானது. திண்டிவனத்தில் பெரிய நெல் மில் ஒன்றை மூடப் போகிறார்கள், கிடங்கில் உள்ள சாமான் அத்தனையும் ஏலம் என்று தமுக்கு அடித்தார்கள். மில் மேனேஜர் வேங்கடேசன் ராயப்பனிடம் சொல்லி அனுப்பினார். ராயப்பன் அதை வாங்கிவந்து கடை வாசலில் போட்டு உடைத்தான்.

"அண்ணே, நாக்காலிக்கு உன்னத்தான் கூப்புடறாங்க. ஜல்தி கெளம்பு. ஆனா மேனேஜரு ஒண்ணு சொன்னாரு. வர்றப்ப வீட்டம்மாவையும் கூட்டிக்கினு வரச் சொன்னாரு."

"அவ எதுக்கு?"

"அவங்களையும் பாக்கணுமாம். யாரு பாத்தா சரியா கீதோ அவங்க ஒக்காரட்டும்னாரு. பொம்பள ஒக்காந்தா இன்னா, இரும்பு கோச்சிக்கவா போவுது?" ராயப்பன் தன் பேச்சைத் தானே ரசித்துச் சிரித்தான்.

இத்தனை வருஷம் கூட்டத்தில் நின்று முணுமுணுத்ததெல்லாம் இதற்கா? அந்த நாற்காலியில் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பதும், தான் கீழே நின்று அவள் வாயைப் பார்ப்பதும் கண்முன் வந்தது. அப்புறம் விழுப்புரத்தில் தலை காட்ட முடியுமா? தையல்நாயகி புருஷன் என்றல்லவா பேர் வரும்? அவள் ஜெயிக்கக் கூடாது. ஊர் பார்க்க ஒரே ஒரு முறை அவள் தோற்றால் போதும். அதற்கு மேல் அவனுக்கு ஆசை இல்லை.

வழியும் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. வானூர்ப் பக்கம் ஒரு குடியானவரிடமிருந்து எடுத்த ஆயில் இஞ்சினோடு, கம்பியில் கட்டி ஒரு ஸ்பேனர் வந்திருந்தது. ஒரு முனையில் நட்டைப் பிடிக்கிற வாய், அதன் முதுகில் சின்னச் சுத்தி, வாலில் திருப்புளிபோலத் தட்டையான அலகு. இஞ்சின் அதிகம் ஓடாததால் ஸ்பேனர் ஏறக்குறையப் புதிது. எந்த வேலையின் தேய்மானமும் அதில் இல்லை. திண்டிவனம் மில்லில் இருப்பதும் அதே ஜாதி இஞ்சின்தான் என்பது அவனுக்குத் தெரியும்.

மல்லாட்டை பிடுங்குகிற நேரம். தையல்நாயகி ஒலக்கூருக்குத் தங்கை வீட்டு ஒத்தாசைக்குப் போயிருந்தாள். தாண்டவராயன் கடையைப் பாதி சாத்திவிட்டு ஸ்பேனரை இடுக்கியில் மாட்டினான். வாலில் உள்ள அலகை அரம் போட்டு மழுக்கினான். ஒரு ஓரத்தை அதிகமாகத் தேய்த்து, குதிரைக் குளம்பைச் சுரண்டிச் சுரண்டித் தேய்ந்த மாதிரி வளைவு கொடுத்தான். சுத்தி முகத்தில் லாட ஆணி பட்ட மாதிரி சின்னச் சின்னக் குழிகள். அப்புறம் செங்கல் பொடி, புளி, உப்புத் தண்ணீரில் நனைத்த மண். துரு ஏறட்டும் என்று புதைத்தான், எடுத்துப் பார்த்தான், மறுபடியும் புதைத்தான். தன் தொழிலில் வேறு எந்தச் சாமானுக்கும் அவன் இவ்வளவு பாடுபட்டதில்லை. வேலை முடிந்தபோது அவனுக்கே பெருமையாக இருந்தது. யார் பார்த்தாலும் லாடம் அடிக்கிறவன் சாமான் என்றுதான் சொல்வார்கள்.

திண்டிவனம் மில் வாசலில் அன்றைக்குச் சுற்றுவட்டாரத்துப் பழைய சாமான்காரர்கள் அத்தனை பேரும் கூடிவிட்டார்கள். களத்தின் நடுவில் பழைய இஞ்சின் நின்றது. கூவுகிறவர் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி, காலியாக. தையல்நாயகி நல்ல சேலை உடுத்திக்கொண்டு வந்திருந்தாள். ரயிலில் வரும்போதே, "நான் எதுக்குங்க அங்க? நீங்க ஒக்காந்தா நான் பாத்துக்கினு நிப்பேன்" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வேங்கடேசன் எல்லோரையும் வரவேற்றுப் பேசி முடிக்குமுன் தாண்டவராயன் முன்னால் போனான். "மேனேஜர் சார், என் ஊட்டுக்காரி பேரு பெருசா அடிபடுது. எனக்கும் சந்தோஷந்தான். எங்கிட்ட ஒரு சாமான் கீது. எல்லார் எதிர்லயும் அவ இத சொல்லிடட்டும். சொல்லிட்டா அவளே ஒக்காரட்டும். ஒரு வெளையாட்டுதான்." துணிப்பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து நீட்டினான். வலது கையால்தான் நீட்டினான்.

கூட்டத்துக்கு வேறென்ன வேண்டும்? வட்டம் இறுகியது. "அண்ணி, வுடாதீங்க!" என்று ராயப்பன் பின்னாலிருந்து கத்தினான். தையல்நாயகி கூச்சத்தோடு வாங்கினாள். முதலில் வாயைப் பார்த்தாள். பிறகு சுத்தியின் முகத்தைத் தடவினாள். பிறகு வாலைத் திருப்பி, தேய்ந்த ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரு முறை வருடினாள். துருவைக் கொஞ்சம் நகத்தால் சுரண்டினாள். அவள் உதடு அசைந்தது. 'குதிரை' என்று சொல்லப் போகிறாள் என்று தாண்டவராயன் நினைத்தான்.

அவள் சொல்லவில்லை. கட்டைவிரல் நின்ற இடத்திலேயே நின்றது. அலகைச் சூரியனுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தாள். பிறகு தலையைத் தூக்கிப் பார்த்தாள். முகத்தை அல்ல. தொடையோரம் தொங்கிக்கொண்டிருந்த அவனுடைய இடது கையை.

அந்தக் கை தானாகவே முதுகுக்குப் பின்னால் போனது.

"இன்னாம்மா, தெரியுதா?" என்றார் வேங்கடேசன்.

"தெரியலீங்க" என்றாள் தையல்நாயகி. குரல் தெளிவாகத்தான் இருந்தது. "எனக்கு இது தெரியல. அவருதான் சொல்லணும்."

அடச்சே என்று ஒரு சத்தம் கூட்டத்தில் எழுந்தது. நாலு பேர் சிரித்தார்கள். "ஆனைக்கும் அடி சறுக்கும்" என்றது ஒரு குரல். "ஆனையா? சோறு தூக்கற பொம்பளைய ஆனைன்னு ஏத்திவுட்டதே நீங்கதான" என்றது இன்னொன்று. ராயப்பன் முகம் தொங்கிப்போயிற்று. தையல்நாயகி ஸ்பேனரைத் தாண்டவராயன் கையில் கொடுத்தாள். இடது கையில். அவன் வாங்கிக்கொண்டு நேராக இஞ்சின் அருகே போனான். முன்பே மனசுக்குள் பலமுறை நடந்த நடை அது. ஸ்பேனர் வாயை இஞ்சின் நட்டில் வைத்தான். கச்சிதமாக உட்கார்ந்தது. "ஆயில் இஞ்சின் ஸ்பேனருங்க. இஞ்சின் கூடவே பொறந்தது" என்றான். பேஷ், பேஷ் என்றார்கள். வேங்கடேசன் அவன் தோளைத் தொட்டு நாற்காலியைக் காட்டினார்.

அவன் உட்கார்ந்தான். வெற்றிலைத் தட்டு முதலில் அவனிடம் வந்தது. இத்தனை வருஷம் நினைத்துப் பார்த்த வெற்றிலை. வாயில் போட்டதும் சுண்ணாம்பு அதிகமாகி நாக்கு வெந்தது. ஒவ்வொரு சாமானாகத் தூக்கிக் காட்டினார்கள், அவன் சொன்னான், கூவினார்கள். நடுவில் ஒரு சாமான் வந்தது. பித்தளைப் பிடி, அதில் ஒரு சின்னச் சக்கரம், ஒரு கூர்முனை, மடித்து வைக்கிற மாதிரி ஒரு குட்டி ரம்பம். அவன் ஊதினான், துடைத்தான், வெயிலில் பிடித்தான். ஒன்றும் பிடிபடவில்லை. கை தன்னையறியாமல் அதைக் கூட்டத்தின் பக்கம் நீட்டப் போனது. கண் அவளைத் தேடியது. மில் சுவரோரம் வேப்பமரத்தடியில் அவள் அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"இதுவா?" என்றான். "தோல் தைக்கிறவங்க சாமான்."

யாரும் மறுத்துப் பேசவில்லை. அதுதான் வழக்கம். ராயப்பன் அதை ஏலத்தில் எடுத்தான்.

திரும்பி வந்த பாசஞ்சரில் கூட்டம் இல்லை. எதிர்ப் பலகையில் அவள் உட்கார்ந்திருந்தாள். மயிலம் ஸ்டேஷன் போனது, இன்னும் ஒரு ஸ்டேஷன் போனது. அவள் கோபமாக இருந்தால் கத்துவாள், அழுவாள், தான் ஒரு சமாதானம் சொல்லலாம் என்று அவன் காத்திருந்தான். அவள் மடியில் இருந்த வேர்க்கடலையை உரித்து அவனுக்கு ஒரு பங்கு வைத்துத் தானும் தின்றுகொண்டு வந்தாள். கடைசியில் அவன்தான் வாயைத் திறந்தான்.

"நெசமாவே ஒனக்குத் தெரியலியா?"

"இன்னா வேலைக்குன்னு தெரியலீங்க" என்றாள். ஒரு கடலையை உடைத்தாள். "யாரு தேச்சதுன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அவன் தன் பங்குக் கடலையை ஜன்னலோரம் தள்ளி வைத்தான்.

"கோடு அந்தாண்ட சாஞ்சிருந்தது" என்றாள். "அத்தினி பேரு எதிர்ல நான் இன்னான்னு சொல்லட்டும்? எம்புருசன் எனக்குன்னு ஒக்காந்து ராவினதுன்னு சொல்லட்டுமா?" விழுப்புரம் வந்ததும் அவள்தான் பையைத் தூக்கிக்கொண்டு முதலில் இறங்கினாள்.

அதற்குப் பிறகு தையல்நாயகி சாமான் பார்ப்பதை விட்டுவிட்டாள். யாராவது வாசலில் வந்து நின்றால், "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, அவரு கடையில கீறாரு" என்பாள். சண்டை இல்லை, முறைப்பு இல்லை. சோறு போட்டாள், காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்தாள், மகளைப் பெற்று வளர்த்து வளவனூரில் கட்டிக்கொடுத்தாள். இரும்பை மட்டும் தொடவில்லை. ஊர் கொஞ்ச நாளில் மறந்தது. ஒரு தடவை தோற்றவளை ஊர் எத்தனை நாள் நினைவு வைத்திருக்கும்?

தாண்டவராயன் நாற்காலியில் சில வருஷம் உட்கார்ந்தான். ராயப்பன் எடுத்துப்போன பித்தளைப் பிடிச் சாமானைச் செருப்புத் தைக்கிறவர்கள் எவரும் வாங்கவில்லை. அது எதற்கு ஆனது என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. அப்படி இன்னும் நாலைந்து சாமான் திரும்பி வந்தன. "அண்ணே, முன்ன எல்லாம் ஒரு வார்த்த அண்ணிகிட்ட கேட்டுக்குவோம்" என்று ராயப்பன் ஒரு நாள் சொன்னான். கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் சுட்டது. கொஞ்ச நாளில் நாற்காலி செஞ்சிக்காரர் ஒருவரிடம் போனது. தாண்டவராயனுக்கு அப்போதும் வயிறு எரிந்தது, ஆனால் செஞ்சிக்காரர் மேல் இல்லை. யாரைப் பார்த்து எரிகிறது என்று அவனுக்குத் தெரியும்: இத்தனையும் தெரிந்து வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருக்க முடிந்தவளைப் பார்த்து.

அவளைத் திரும்பப் பேசவைக்க அவன் செய்யாத வித்தை இல்லை. ஏலத்தில் இருப்பதிலேயே விநோதமான சாமானாகப் பார்த்து எடுத்துவந்து, அவள் அரிசி புடைக்கிற இடத்தில் வைப்பான். வைத்துவிட்டு அந்தப் பக்கம் போகிற மாதிரி போய்க் கதவோரம் நின்று பார்ப்பான். அவள் அதை முறத்தால் ஓரமாகத் தள்ளிவிட்டுப் புடைப்பாள். வாய்விட்டுக் கேட்டும் பார்த்தான். "தையலு, இது ஒண்ணு பாத்துச் சொல்லேன். எனக்கு நெசமாவே தெரியல." "நீங்கதாங்க சொல்லணும்" என்பாள். களத்தில் சொன்ன அதே வார்த்தை, அதே குரல்.

எழுபத்தேழு பொங்கலுக்கு முந்தின நாள். அடுப்படியில் டங் டங் என்று சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தான். தையல்நாயகி வெல்ல உருண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். கையில் அந்த ஆயில் இஞ்சின் ஸ்பேனர். அது எப்போது அடுப்படிக்கு வந்தது என்று அவன் கவனித்ததே இல்லை. அவள் வெல்லத்தைப் பானையில் போட்டுக்கொண்டு கொல்லைப்புறம் போனதும் அதை எடுத்தான். வருஷக்கணக்காக வெல்லம் உடைத்துச் சுத்தியின் முகம் கண்ணாடி மாதிரி வழுவழுத்துப் போயிருந்தது. அவன் வெட்டிய குழிகள் எல்லாம் அதில் கரைந்துவிட்டன. வலது கைக்காரி பிடித்த இடம் தனியாகத் தெரிந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு சாமானை அவள் பார்க்கிற மாதிரி அவனுக்குப் பார்க்க வந்தது. யார் காட்டியிருந்தாலும் தயங்காமல் சொல்லியிருப்பான்: இது ஒரு வீட்டில் வெல்லம் உடைத்தது.

வாலைத் திருப்பினான். அந்தப் பக்கத்தை அவள் எதற்கும் பயன்படுத்தவில்லை. அரம் போட்ட கோடுகள் நேற்றுப் போட்டவைபோல அப்படியே இருந்தன, எல்லாம் அந்தாண்டப் பக்கம் சாய்ந்து.

கடையிலிருந்து அரத்தை எடுத்துவந்து வாசற்படியில் உட்கார்ந்தான். அந்தக் கோடுகளை ராவி அழித்துவிடலாம் என்று அலகின் மேல் அரத்தை வைத்தான். ஒரு இழுப்பு இழுத்தான். நின்றுவிட்டான். பழைய கோட்டின் மேல் புதுக் கோடு அதே பக்கம் சாய்ந்திருந்தது. அரத்தை வலது கைக்கு மாற்றிப் பார்த்தான். அந்தக் கைக்கு அரம் பிடிக்கத் தெரியவில்லை.

கொல்லையிலிருந்து அவள் வருகிற சத்தம் கேட்டது. ஸ்பேனரை எடுத்த இடத்தில், வெல்லப் பானைக்குப் பக்கத்தில், வைத்துவிட்டுக் கடைக்குப் போனான்.